கடல் தெரியும் வீடும் 71 சதவீதமும்

பிரான்ஸில் கடற்கரை என்றாலே எல்லோரும் தெற்கே நீஸ், கான் என்று ஓடுவார்கள். நான் சொல்ல வந்தது வடமேற்கில், பிரிட்டனி பகுதியில் இருக்கும் சான் மாலோ. கோட்டைச் சுவர், அதற்குள் நெருக்கியடித்த கருங்கல் வீடுகள், ஏறக்குறைய சுற்றிலும் தண்ணீர். 1746-ல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தாரே லா பூர்தொனே, அவர் பிறந்த ஊர் இதுதான்!

இந்த ஊரில் ஹோட்டலைவிட ஒரு வாரத்துக்கு வீடு எடுத்துத் தங்குவதுதான் சுகம். குடும்பத்தோடு போனால் ஹோட்டலில் இரண்டு அறை வேண்டும், மூன்று வேளையும் வெளியில் சாப்பிட வேண்டும். வீடு என்றால் அடுப்பு இருக்கிறது, ரொட்டியும் அந்தப் பக்கத்து உப்பு வெண்ணெயும் வாங்கி வைத்தால் காலைச் செலவு முடிந்தது. அதைவிட முக்கியம் கடல். ஐரோப்பாவிலேயே கடல் ஏறி இறங்கும் உயரம் மிக அதிகமான இடங்களில் இது ஒன்று, பெரிய ஓதத்தில் 12 மீட்டருக்கும் மேல். காலையில் மதில் காலடியில் மோதிக்கொண்டிருந்த தண்ணீர் மதியம் எங்கோ போயிருக்கும். எழுத்தாளர் ஷதோப்ரியான் சமாதி இருக்கிற கிரான் பே தீவுக்கு அப்போது நடந்தே போகலாம். நேரம் பார்க்காமல் போனால் அடுத்த முறை கடல் வடியும்வரை அவருக்குத் துணையாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் :-) இதையெல்லாம் ஒரே நாளில் பார்த்துவிட முடியாது. வீடு எடுத்துத் தங்கினால்தான் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த வீட்டை அதன் சொந்தக்காரர் ஊரில் வேலை பார்க்கும் ஒருவருக்கு ஏன் வாடகைக்கு விடவில்லை? 'ஆன்லைன் கம்பெனிகள்தான் காரணம்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கென்னவோ பாதிக் காரணம் வரிச் சட்டம் என்றுதான் படுகிறது.

கணக்கைப் பாருங்கள். 2024 வரை பிரான்ஸில் எளிய முறையில் வரி கட்டுகிறவர், சாமான் இல்லாத வீட்டை ஊர்க்காரருக்கு விட்டால் வாடகையில் 30 சதவீதம் கழிவு. (நம் வருமான வரிப் பாடத்திலும் வீட்டு வாடகைக்கு அதே 30 வரும், ஞாபகமிருக்கிறதா?) அதே வீட்டைச் சுற்றுலாப் பயணிக்கு விட்டால் 50. நட்சத்திரத் தகுதி வாங்கிய வீடென்றால் 71! அதாவது 10,000 யூரோ வாடகை வந்தால், ஊர்க்காரருக்கு விட்டவர் 7,000-க்கு வரி கட்டுவார், பயணிக்கு விட்டவர் வெறும் 2,900-க்கு. இது போதாதென்று, சாமான் இல்லாத வீட்டுக்கு ஒப்பந்தம் குறைந்தது 3 வருடம், நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குடியிருப்பவரை வெளியேற்றவும் முடியாது. இந்தச் சட்டங்கள் குடியிருப்பவரைக் காப்பாற்றுகின்றன, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு பக்கம் பொறுப்பை ஏற்றிவிட்டு, இன்னொரு பக்கம் வரிச்சலுகையும் கொடுத்தால் சொந்தக்காரர் எந்தப் பக்கம் சாய்வார்? இதற்கு பி.காம். படிக்க வேண்டியதில்லை.

1944 ஆகஸ்டில் குண்டுவீச்சிலும் தீயிலும் மதிலுக்குள் இருந்த ஊரின் பெரும்பகுதி அழிந்துபோனது. மதிலுக்குள்ளேயே பழைய சாயலில் திரும்பக் கட்டினார்கள். அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய தெருவில் இன்று வாசலுக்கு வாசல் சாவிப் பெட்டி தொங்கினால், குளிர்காலத்தில் ஜன்னல்கள் இருண்டு கிடந்தால், ஊர்க்காரனுக்குக் கோபம் வராதா? 'சுற்றுலாதானே அந்த ஊருக்குச் சோறு போடுகிறது' என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சோற்றைச் சமைக்கிறவரும் எங்காவது குடியிருக்க வேண்டுமே.

2021-ல் நகராட்சி ஒரு முடிவெடுத்தது. மதிலுக்குள் இருக்கும் வீடுகளில் 12.5 சதவீதத்துக்கு மேல் சுற்றுலா வாடகைக்குப் போகக் கூடாது, மற்ற பகுதிகளில் அதைவிடக் குறைவு. எட்டு வீட்டுக்கு ஒன்று! அதையே பெரிய கெடுபிடி என்று சொந்தக்காரர்கள் சண்டை போட்டார்கள். எனக்கு இது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் உச்சவரம்பு வைத்தால் ஒரு பக்கவிளைவு உண்டு. அனுமதி கிடைத்தவருக்குப் போட்டி குறைந்துவிடும், அவர் வைத்ததுதான் விலை. அந்தக் கூடுதல் காசு நகராட்சிக்கும் போகாது, வாடகை வீடு தேடுகிறவனுக்கும் போகாது.

அதனால்தான் 2024 நவம்பரில் வந்த லெ மெர் சட்டம் எனக்கு இதைவிடப் பிடித்திருக்கிறது. 2025 முதல் வரும் வாடகைக்கு நட்சத்திரம் இல்லாத சுற்றுலா வீட்டின் கழிவு 50-லிருந்து 30, நட்சத்திர வீட்டுக்கு 71-லிருந்து 50. கட்டுப்பாட்டை ஊர் ஊராகப் போட்டுக்கொண்டிருந்தார்கள், சலுகையோ பாரீஸிலிருந்து நாடு முழுவதற்கும் போய்க்கொண்டிருந்தது. அதைக் குறைக்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

ஆனாலும் அந்த 50 ஏன் இன்னும் மிச்சம் இருக்கிறது? நட்சத்திரம் வாங்கிய வீட்டில் துண்டு, தட்டு, காபி மெஷின் எல்லாம் ஒழுங்காக இருக்கும், பயணிக்கு அது நல்லதுதான். அதற்குப் பயணி கூடுதல் வாடகை கொடுக்கிறானே, அரசாங்கம் எதற்கு வரியில் விட்டுக்கொடுக்க வேண்டும்? அதையும் 30 ஆக்கினால் வார வாடகை கொஞ்சம் ஏறலாம். ஏறட்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் கணக்கோடு வரவும்.