அடுப்பு எனக்கு, ஏணி யாருக்கு?

அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று கேட்டவர்களில் ஒருவராவது அடுப்பு ஊதியிருப்பாரா என்பது என் நெடுநாள் சந்தேகம். ஊதியிருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். 38 வயதில், கேத்தியில், தகரக் கூரை போட்ட என் வீட்டில் ஒரு புது விறகடுப்பைப் பழகுவதற்கு எனக்கு முழுதாக ஒரு மாதம் பிடித்தது. நான் முதுகலை படித்தவள்.

மகளிர் குழுவில் கடன் எடுத்து வாங்கிய அடுப்பு. இரும்பு உடம்பு, முன்பக்கம் கதவு, அடியில் சாம்பல் தட்டு, பின்னாலிருந்து கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் புகைக்குழாய். பொருத்த வந்தவர் எல்லாவற்றையும் நன்றாகத்தான் விளக்கினார். ஆனால் என் கணவருக்கு விளக்கினார். நான் அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தேன், பழைய அடுப்பில். உத்தரவாத அட்டையிலும் அவர் பெயர்தான் ஏறியது. கடன் தவணை மட்டும் என் பெயரில்.

"கேஸ் இல்லையா?" என்று கீழ்நாட்டுத் தோழிகள் கேட்பார்கள். இருக்கிறது. உஜ்வாலா இணைப்பு பெற்றவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 3.21 சிலிண்டர்தான் வாங்குகிறார்கள் என்று 2018 டிசம்பர் வரையான கணக்கைப் பார்த்து இந்தியத் தணிக்கை அதிகாரியே எழுதினார். எங்கள் மலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர, பருப்பு வேகாது. மார்கழியில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். குளிக்க வெந்நீர், காயாத துணி, அம்மாவின் மூட்டுவலி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே நெருப்புதான். சிலிண்டரை வைத்துக்கொண்டு யாரும் குளிர்காய முடியாது.

அடுப்பு கற்றுக்கொடுத்தது அம்மாதான். சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் சிறுமியாகக் கப்பலேறி இலங்கையிலிருந்து வந்தவர். தோட்டத்தில் கொழுந்து பறித்தே உடம்பு தேய்ந்தவர். விறகை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். 'டங்' என்றால் காய்ந்தது, 'டொப்' என்றால் பச்சை. கவாத்து வெட்டிய தேயிலை மிலாறு சட்டென்று பிடிக்கும், நிற்காது. சீகை நின்று எரியும். கற்பூர மரம் ஈரமாக இருந்தால் சீறும், குழாயெல்லாம் தாராக ஒட்டும். மூடுபனிக் காலையில் குழாய்க்குள் குளிர்ந்த காற்று அடைத்துக்கொண்டு நிற்கும். அப்போது விறகைப் பற்றவைத்தால் புகை முழுவதும் வீட்டுக்குள்தான். முதலில் ஒரு செய்தித்தாளைக் கொளுத்திக் குழாயின் அடிவாயில் காட்டிச் சூடேற்ற வேண்டும். இந்தக் கடைசி வித்தை அம்மாவுக்கும் தெரியாது. நாங்கள் இருவரும் கண் எரிந்து எரிந்து கண்டுபிடித்தது.

அம்மாவின் நுரையீரலைப் பார்த்த மருத்துவர், வீட்டில் யாராவது பீடி பிடிப்பார்களா என்று கேட்டார். லயன் வீட்டின் ஒற்றை அறையில் ஐம்பது வருடம் சமைத்தவரிடம் கேட்ட கேள்வி அது. வீட்டுப் புகையால் 2020-இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. புது அடுப்பு வாங்கியதே அம்மாவுக்காகத்தான்.

ஆறாவது மாதம் புகை திரும்பி வந்தது. விற்றவர்களுக்குப் போன் செய்தேன். "வீட்டுல லேடீஸ் சரியா மெயின்டெயின் பண்றதில்லம்மா. சார்கிட்ட குடுங்க" என்றார்கள். சாரிடம் கொடுத்தேன். குழாயை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உள்ளே தேய்த்துக் கரி எடுக்க வேண்டும், கூரைக்கு மேலிருக்கும் தொப்பியைக் கழற்ற வேண்டும் என்று சாருக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்களாம். சார் மறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றார். பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

இந்த 'பெண்கள் பராமரிப்பதில்லை' என்ற வாக்கியத்துக்கு வயது அதிகம். புகையில்லாச் சமையலறையைப் பற்றி எஸ்.பி. ராஜு எழுதிய புத்தகம் 1953-இலேயே சென்னையில் அச்சாகிவிட்டது. 1983-இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, சுமார் மூன்றரை கோடி அடுப்புகள் கொடுத்ததாகக் கணக்குக் காட்டி, 2002-இல் கைகழுவியது. ஒடிசாவில் புகைபோக்கி வைத்த மண் அடுப்புகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ரேமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர், முதல் ஆண்டில் தெரிந்த பலன் பிறகு கரைந்துபோனதைப் பதிவு செய்தார்கள். வீடுகள் அடுப்பைச் சரியாகப் பயன்படுத்தவில்லை, பராமரிப்பில் போதிய அக்கறை காட்டவில்லை என்பது அவர்கள் கண்ட காரணம். ஆய்வைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'வீடு' என்று ஒருவர் இல்லையே. வீட்டில் அடுப்புக்கு முன்னால் ஒருத்தி இருக்கிறாள், பணத்துக்கும் ஏணிக்கும் பக்கத்தில் வேறொருவர் இருக்கிறார். வங்கதேசத்தில் கிராண்ட் மில்லரும் முஷ்ஃபிக் மொபாரக்கும் செய்த ஆய்வு இதைத் தொட்டது. உடல்நலம் காக்கும் அடுப்பை ஆண்களைவிடப் பெண்களே அதிகம் விரும்பினார்கள். கொஞ்சம் காசு கொடுக்க வேண்டும் என்றதும் அந்த விருப்பம் வாங்குவதில் முடியவில்லை, வாங்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

பன்னிரண்டாவது சனிக்கிழமை இரவு கடும் குளிர். ஜன்னலை அடைத்து, அடுப்பில் ஒரு சீகைக் கட்டையைப் போட்டுவிட்டுப் படுத்தோம். இரண்டு மணிக்கு அம்மா வாந்தி எடுத்தார். எனக்கும் தலை பிளந்தது. கதவைத் திறந்துபோட்டு இருவரும் பனியில் உட்கார்ந்திருந்தோம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. பூட்டிய அறையில் கரி அடுப்போடு தூங்கி எழாதவர்களின் செய்தி மலையில் எங்களுக்குப் புதிதல்ல. கணவர் இரவு ஷிப்டில் இருந்தார்.

விடிந்ததும் பக்கத்து வீட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அடுப்பு வாயைச் சாக்கால் அடைத்தேன். சேலையை மாற்றி, கணவரின் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு ஏறினேன். தகரத்தில் ஆணி அடித்த வரிசையில்தான் கால் வைக்க வேண்டும், அடியில் சட்டம் இருக்கும், இல்லாவிட்டால் பள்ளம் விழும். தொப்பியைக் கழற்றினால், காற்று போக விரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. கயிற்றில் ஒரு கல், அதற்கு மேல் சாக்கு உருண்டை கட்டி, குழாய்க்குள் விட்டு மேலும் கீழும் இழுத்தேன். அரை வாளி கரி. அரை வாளி! அதுதான் அம்மாவின் நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்தது.

கீழே கூட்டம். "வீட்டுல ஆம்பளை இல்லையா?" என்று ஒரு அக்கா. "விழுந்தா யாரு பார்க்கறது?" என்று ஒரு அண்ணன். அடுப்படியில் கிடந்து சாகும்போது யார் பார்ப்பது என்று நான் கேட்கவில்லை, வாய் முழுக்கக் கரி.

சென்னைத் தோழி ஒருத்தி கடிந்துகொண்டாள். பெண் அடுப்படியைவிட்டு வெளியே வர வேண்டும் என்று நாம் பேசிக்கொண்டிருக்க, நீ கூரை வேலையையும் சேர்த்துத் தலையில் போட்டுக்கொள்கிறாயே என்றாள். நியாயமான கேள்வி. கரி எடுப்பது பெண்ணின் வேலை என்று நான் சொல்லவில்லை. என் மகன் அடுப்பு பற்றவைக்கக் கற்றுக்கொண்டான், அடுத்த தடவை கயிற்றை இழுக்கப்போவது அவன் அப்பாதான். ஆனால் அது எப்போது நடக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர் வராவிட்டால் நான் ஏறக்கூடியவளாக இருக்க வேண்டும். விற்பவர் என் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், அட்டையில் என் பெயர் வேண்டும், உடைந்த தொப்பிக்குக் கொடுக்கும் காசு என் கையில் இருக்க வேண்டும். அடுப்பு கொடுக்கும் திட்டங்கள் ஒரு குழாய் பிரஷ்ஷும் ஓர் ஏணியும் சேர்த்துக் கொடுக்கட்டும். அதைச் செய்யாமல் பராமரிக்கவில்லை என்று அறிக்கை எழுதுவது அயோக்கியத்தனம்.

குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். சேமிப்பிலிருந்து ஓர் அலுமினிய ஏணி வாங்கினோம். மூன்று பேர் என்னோடு கூரை ஏறிப் பழகியிருக்கிறார்கள், ஒருத்திக்கு உயரம் ஆகவில்லை, அவள் கீழே ஏணியைப் பிடித்துக்கொள்கிறாள். யார் எடுத்தாலும் நோட்டில் கையெழுத்து. சென்ற வாரம் 'விழுந்தா யாரு பார்க்கறது' அண்ணன் வந்து, டிஷ் ஆன்டெனா திரும்பிவிட்டது, ஏணி கிடைக்குமா என்றார். நோட்டை நீட்டினேன்.