பிரேக்கரை அல்ல, வயரை மாற்றக் கேட்போம்



லயன் குடியிருப்பில் தீ என்ற செய்தியை நாம் பலமுறை கேட்டுவிட்டோம். 'மின் ஒழுக்கு' என்ற ஒரே சொல்லோடு செய்தி முடிந்துவிடும். ஒரு காம்பிராவில் பிடித்த நெருப்பு முழு லயத்துக்கும் பரவி, பிள்ளைகளின் புத்தகம் முதல் அடையாள அட்டை வரை சாம்பலாக்கிவிடுகிறது.

மெயின் சுவிட்சுக்குப் பக்கத்திலுள்ள சிறிய பிரேக்கரில் 6, 10, 16, 20, 32 என ஏதாவது ஓர் எண் இருக்கும். அத்தனை அம்பியர் வரை மின்சாரம் தொடர்ந்து போகலாம் என்பது அதன் பொருள். பிரேக்கர் காப்பது வயரைத்தான். ஆகவே வயர் மெல்லியதானால் எண்ணும் சிறியதாகவே இருக்க வேண்டும்.

வாட்ஸை 230 ஆல் வகுத்தால் அம்பியர் கிடைக்கும். 2000 வாட்ஸ் மின்கேத்தல் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். 1000 வாட்ஸ் ஸ்திரிக்கைப் பெட்டி 4க்குச் சற்று மேல். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் 13. லைட்டுக்கென இழுத்த மெல்லிய வயரில் 6 அம்பியர் பிரேக்கர் இருந்தால், அது விழத்தான் செய்யும். "அடிக்கடி விழுகிறதே" என்று அந்த இடத்தில் 32 ஐப் பூட்டினால் பிரேக்கர் விழாது. வயர் சூடேறி, மேலுறை உருகி, கூரைப் பலகைக்கு நெருப்புப் பிடிக்கும்.

ட்ரிப் சுவிட்சின் வேலை வேறு. அதிலுள்ள 30 மில்லி அம்பியர் என்ற அளவு, மின்சாரம் ஒழுகி ஆளைத் தாக்கும்போது இணைப்பைத் துண்டிப்பதற்கானது. அது இருந்தாலும் சரியான பிரேக்கர் தேவை. அதன் டெஸ்ட் பொத்தானை இடைக்கிடை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் உடனே அறிவியுங்கள்.

இரண்டு பல்புக்காக வயரிங் செய்த காம்பிராவில் இன்று ரைஸ் குக்கரும் தொலைக்காட்சியும் இருக்கின்றன. மற்ற வீடுகளில் உள்ளவை நம் வீட்டிலும் இருப்பது குற்றமல்ல. வயர் அதற்கேற்றதாக இல்லாததுதான் குறை. லயன் தோட்டத்தின் சொத்து. அதைத் திருத்தும் பொறுப்பும் நிர்வாகத்தினுடையதே.

எனவே நாம் கேட்பது மூன்று: தகுதிபெற்ற மின் வேலையாளர் ஒவ்வொரு லயத்தையும் பரிசோதிக்க வேண்டும். பிளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயரும் பொருத்தமான பிரேக்கரும் தனியாக வேண்டும். வீட்டுக்கு வீடு ட்ரிப் சுவிட்ச் வேண்டும்.

அடிக்கடி பிரேக்கர் விழும் வீடுகளின் இலக்கங்களைத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். அந்தப் பட்டியலோடு எழுத்தில் கோருவோம். அதுவரை கேத்தலையும் ஸ்திரிக்கைப் பெட்டியையும் ஒன்றாகப் போடாதீர்கள். பெரிய எண் பிரேக்கர் பூட்ட எவரையும் விடாதீர்கள்.