குற்றம் காபிக் கோப்பையில் இல்லை

2011 அக்டோபர் 15 அன்று லண்டன் பங்குச் சந்தை அமைந்திருக்கும் பேட்டர்னாஸ்டர் சதுக்கத்தை நோக்கி வந்தவர்களைக் காவல்துறை வழியிலேயே மறித்தது. அது தனியார் நிலம். உரிமையாளர்கள் முன்கூட்டியே நீதிமன்றத் தடை வாங்கி வைத்திருந்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. பக்கத்தில் இருந்த செயின்ட் பால் தேவாலயத்தின் வாசலிலேயே கூடாரம் அடித்துவிட்டார்கள். நியூயார்க்கின் ஜுக்கோட்டி பூங்காவில் அதற்கு நான்கு வாரம் முன்பு மூண்ட 'வால் ஸ்ட்ரீட்டைக் கைப்பற்றுவோம்' போராட்டம் லண்டனுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

சில நாட்களிலேயே ஏளனம் தொடங்கியது. முதலாளித்துவம் ஒழிக என்கிறவர்கள் ஸ்டார்பக்ஸ் காபிக்கு வரிசையில் நிற்கிறார்களே என்று தொலைக்காட்சியில் கேட்டார் கன்சர்வேட்டிவ் எம்.பி. லூயிஸ் மென்ஷ். டெய்லி டெலிகிராப் நாளிதழ், உடல் சூட்டைக் காட்டும் கேமராவை இரவில் கொண்டுபோய்ப் படம் எடுத்து, பத்தில் ஒன்பது கூடாரங்கள் காலியாக இருப்பதாக எழுதியது. துணிக்குள் இருப்பவரின் சூட்டை அந்தக் கேமரா காட்டாது என்று முகாமில் இருந்தவர்கள் மறுத்தார்கள். மறுப்பு யார் காதிலும் ஏறவில்லை. பகலில் புரட்சி, இரவில் வீட்டு மெத்தை என்ற சித்திரம் நிலைத்துவிட்டது.

லண்டன் தமிழர்களுக்கு இந்த வகைக் குற்றச்சாட்டு புதிதல்ல. இலங்கையின் வன்னியில் போர் உச்சத்தில் இருந்த 2009 வசந்தத்தில், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் தமிழர்கள் வாரக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். அங்கே ஒரு தமிழ் இளைஞர் 23 நாட்கள் உண்ணாவிரதம் இருந்தார். போர் முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு, அவர் திருட்டுத்தனமாக பர்கர் சாப்பிட்டார் என்றும், காவல்துறையின் விசேஷக் கருவிகள் அதைக் கண்டுபிடித்தன என்றும் இரண்டு பெரிய ஆங்கில நாளிதழ்கள் எழுதின. அப்படி ஒரு கண்காணிப்பே நடக்கவில்லை என்று காவல்துறை சொன்னது. அவர் வழக்குத் தொடுத்தார். 2010இல் இரு நாளிதழ்களும் மன்னிப்புக் கேட்டு, மொத்தம் 77,500 பவுண்டு இழப்பீடு கொடுத்தன. அதற்குள் சொந்தச் சனமே அவரை நம்பாமல் ஒதுக்கியிருந்தது. பட்டினி கிடந்த ஒருவரைப் பற்றி 'தின்றான்' என்று எழுத ஒரு நாள் போதும். அதைத் துடைக்க பல மாதங்கள் ஆயிற்று.

செயின்ட் பால் வாசலில் எழுந்த குற்றச்சாட்டு அந்த அளவுக்குப் பொய் அல்ல. காபி வாங்கியவர்கள் வாங்கினார்கள். சிலர் இரவில் வீட்டுக்கும் போனார்கள். அதனால் என்ன? ரேஷன் கடையில் அரிசி வாங்குகிறவர்தானே அரிசி புழுத்திருக்கிறது என்று சொல்ல முடியும்? ஒரு நகரத்தின் வங்கியும் வீட்டு வாடகையும் காபியும் சில பெரிய நிறுவனங்களின் கையில் இருக்கும்போது, அவற்றைத் தொடாமல் வாழ்கிறவர் மட்டுமே பேசலாம் என்றால் பேச ஆளே இருக்காது. குறை சொல்கிறவரின் கையை மட்டும் சோதித்து, குறையைச் சோதிக்காமல் விடுவது நேர்மையான விவாதம் ஆகாது. அந்தக் காபிக் கடையின் கதையே இதற்குச் சாட்சி. 2012இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் துருவிப் பார்த்தபோது, பிரிட்டனில் 14 ஆண்டுகளில் 300 கோடி பவுண்டுக்கு வியாபாரம் செய்த ஸ்டார்பக்ஸ், நிறுவன வரியாகக் கட்டியது 86 லட்சம் பவுண்டு மட்டுமே என்று தெரிந்தது. நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு அந்த நிறுவனத்தை அழைத்து விசாரித்தது. முந்தைய ஆண்டு வரிசையில் நின்றவர்களை எண்ணிக் கொண்டிருந்தவர்கள், கல்லாவை எண்ணியிருக்க வேண்டும்.

முகாமை நாம் குறை கூறுவது வேறு காரணத்துக்காக. அவர்கள் வந்தது பங்குச் சந்தையைக் கேள்வி கேட்க, மோதியது தேவாலயத்தோடு. பாதுகாப்புக் காரணம் சொல்லி அக்டோபர் 21 அன்று தேவாலயம் கதவைச் சாத்தியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. ஒரு வாரம் கழித்துத் திறந்தார்கள். போராட்டக்காரர்களுக்கு ஆதரவாக நின்ற பாதிரியார் ஜைல்ஸ் பிரேசர், திருச்சபையின் பெயரால் அவர்கள் மீது வன்முறை நடக்கக்கூடும் என்று அஞ்சிப் பதவி விலகினார். அடுத்த சில நாட்களில் தேவாலயத் தலைவர் கிரேம் நோல்ஸும் விலகினார். முகாமால் பங்குச் சந்தையில் வர்த்தகம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. எந்த வங்கி அதிகாரியும் பதவி இழக்கவில்லை. மக்கள் வரிப் பணத்தில் 4,500 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்துக் காப்பாற்றப்பட்ட ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தைப் பற்றிய பேச்சு, கூடாரக் கயிறு நடைபாதையை மறிக்கிறதா என்ற பேச்சில் அமுங்கிப் போனது.

காரணம், என்ன வேண்டும் என்று திட்டவட்டமாகச் சொல்ல முகாம்கள் தயங்கின. கோரிக்கைப் பட்டியல் கொடுத்தால் அரசு அதில் ஒன்றிரண்டைக் கொடுத்து வாயடைத்துவிடும் என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் கேட்காத ஒன்றை யாரும் தரப்போவதில்லை. எல்லாரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசுவது என்ற முறையில் பொதுக்கூட்டங்கள் மணிக்கணக்கில் நீண்டன. நாங்கள் 99 சதவீதம் என்றார்கள். அந்த 99 சதவீதத்தில் இரவுப் பணிக்காரர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களால் அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்க முடியாது. பாசாங்கு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம்.

ஒரு தடவை அவர்கள் குறிபார்த்துக் கேட்டார்கள். லண்டனின் நிதி வட்டாரத்தை ஆளும் சிட்டி கார்ப்பரேஷன் விசித்திரமான அமைப்பு. அதன் தேர்தலில் நிறுவனங்களும் வாக்காளர்களை நியமிக்கின்றன. 'சிட்டீஸ் கேஷ்' என்ற பெயரில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த அதன் நிதிக் கணக்கை வெளியிடுங்கள் என்று முகாம் கேட்டது. அந்தக் கார்ப்பரேஷன்தான் நீதிமன்றம் போய், 2012 பிப்ரவரி 28 அதிகாலையில் கூடாரங்களை அகற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் கணக்கும் வெளியே வந்தது: 130 கோடி பவுண்டு. வெளிப்படைத்தன்மை இல்லை என்ற கண்டனம் இல்லாமல் அந்த எண் நமக்குத் தெரிந்திருக்காது. நியூயார்க்கிலும் இதேபோல ஒரு தடவை குறிபார்த்துச் செயல்பட்டார்கள். அங்கே அதே இயக்கத்தவர்கள் சுமார் ஏழு லட்சம் டாலர் திரட்டி, வாராக்கடன் சந்தையில் மருத்துவக் கடன் உள்ளிட்ட ஏழைகளின் கடன்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி, மூன்று கோடி டாலருக்கு மேற்பட்ட கடனைத் தள்ளுபடி செய்தார்கள். நிதி அமைப்பின் மீது முகாம் வைத்த விமர்சனம் சரியானதே என்று 2012 அக்டோபரில் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் உயரதிகாரி ஆண்ட்ரூ ஹால்டேனே மேடையில் ஒப்புக்கொண்டார். ஆகவே இந்த முகாம்கள் ஒன்றும் சாதிக்கவில்லை என்று சொல்கிறவர்களோடு நாம் உடன்படவில்லை. சாதித்திருக்கக்கூடியதில் சிறு பங்கையே சாதித்தன என்பது நம் வருத்தம்.

பத்திரிகை நண்பர்களே, அடுத்த முறை ஒரு முகாமுக்குப் போகும்போது கேமராவைக் கூடாரத்துப் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள். எதிரே உள்ள கட்டடத்தின் கணக்குப் புத்தகத்தையும் கேளுங்கள். கூடாரம் அடிக்கப் போகிறவர்களே, என்ன வேண்டும், யாரிடம் வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். இரவெல்லாம் அந்த அலுவலகங்களைத் துடைத்துவிட்டு விடியற்காலைப் பேருந்தில் வீடு திரும்பும் பெண்ணும் நின்று படித்துக் கையெழுத்துப் போட, அதில் இடம் விட்டு வையுங்கள்.