ஒரு லோகோதானே!

ஐடி வேலையை உதறிவிட்டு மனசுக்குப் பிடித்த தொழிலுக்குப் போனவர்களின் கதைகளுக்கு நம் ஊரில் ஒரு தனிச்சந்தை உருவாகிவிட்டது. இயற்கை விவசாயம், மரச்செக்கு எண்ணெய் எல்லாம் ஓடி முடிந்து, இப்போது கிராஃபிக் டிசைன். கதையில் எப்போதும் ஒரு ராஜினாமாக் கடிதம் இருக்கும், கண்ணீர் விடும் அம்மா இருப்பார், கடைசியில் ஒரு புன்னகைப் புகைப்படம். இன்வாய்ஸ் மட்டும் இருக்காது. யார் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், எத்தனை மாதம் கழித்துக் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் தொழில் பற்றிப் பேசுவதற்குப் பெயர் கதாகாலட்சேபம்.

நான் இன்னமும் மென்பொருள்காரன்தான். ஆனால் என்னோடு ஒரே டீமில் இருந்த நண்பன் மூன்று வருடங்களுக்கு முன்னால் வேலையை விட்டு, பெரும்பாக்கத்தில் வீட்டின் ஓர் அறையில் டிசைன் தொழில் தொடங்கினான். அட்டைப்படம், லோகோ, பேக்கிங், அழைப்பிதழ். அவன் கணக்கு வழக்குகளை அவன் அனுமதியோடு பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கோபம்.

கணக்கு எளிமையானது. மாதம் 50,000 ரூபாய் வீட்டுக்கு வேண்டும் என்று வையுங்கள். வேலை நாட்கள் 22. அதில் பாதி, வேலை தேடுவதிலும் கொட்டேஷன் அனுப்புவதிலும் "சார், அந்த பேமென்ட்..." என்று இழுப்பதிலும் போகும். மிச்சம் 11 நாட்கள். அதாவது ஒரு நாளின் விலை 4,500 ரூபாய்க்கு மேல். எழுத்தைக் கையால் வரைந்து ஒரு புத்தக அட்டை செய்ய மூன்று நாள் ஆகிறது என்றால் 13,600 ரூபாய். இதில் கணினி, மென்பொருள் சந்தா, எழுத்துரு உரிமம், கரண்ட் பில் எதுவும் சேரவில்லை. அவனுக்கு வந்த முதல் அட்டைக்குப் பேசப்பட்ட தொகை 3,000. வந்தது 2,000-மும் புத்தகத்தின் ஐந்து பிரதிகளும்.

பதிப்பாளர் பக்கமும் நியாயம் உண்டு. 250 ரூபாய்ப் புத்தகம் 300 பிரதி விற்றால் மொத்தமே 75,000. அதில் கடைக்காரர் கழிவு, அச்சு, ராயல்டி (இருந்தால்). எங்கிருந்து 13,600 கொடுப்பார்? சரிதான். ஆனால் இதே பதிப்பாளர் காகிதக்காரரிடம் இந்தக் கணக்கைச் சொல்ல முடியாது. பைண்டிங் கடையிலும் முடியாது. டிசைனரிடம் மட்டும் முடிகிறது. ஏனென்றால் அவர் 'பிடித்துச் செய்கிறார்'. காகிதக்காரருக்குக் காகிதத்தின்மேல் காதல் என்று யாரும் பேட்டி எடுத்துப் போட்டதில்லை. அவருக்குச் செக் ஒழுங்காகப் போகிறது.

இங்கே சிறுபத்திரிகை மரபைத் துணைக்கு அழைப்பார்கள். ஆதிமூலம் வரைந்து கொடுக்கவில்லையா என்பார்கள். கொடுத்தார். நவீனத் தமிழ்ப் புத்தகங்களின் முகமே அவர் கைபட்டு மாறியது. அவர் நெசவாளர் சேவை மையத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சம்பளம் உள்ள ஒரு கலைஞர் நட்புக்காகக் கொடுத்ததைச் சம்பளம் இல்லாதவரிடம் சந்தை விலையாக ஆக்குவது எந்த ஊர் நியாயம்?

இலக்கியவாதிகளை மட்டும் திட்டினால் போதாது. என் ஆட்கள் இன்னும் மோசம். ஐடியில் வாடிக்கையாளர் ஒரு பட்டனை இடம் மாற்றச் சொன்னால் நாங்கள் 'சேஞ்ச் ரிக்வெஸ்ட்' போடுவோம். எத்தனை மணி நேரம், யார் ஒப்புதல், எந்த பில்லில் சேரும் என்று எல்லாம் எழுத்தில் வந்த பிறகுதான் கீபோர்டைத் தொடுவோம். அப்படி டாலரில் பில் போட்டே பழகிய ஒரு மேனேஜர், தன் மனைவியின் கேக் கடைக்கு லோகோ கேட்டு என் நண்பனை அழைத்தார். "ஒரு லோகோதானே மச்சி, ஃப்ரீயா இருக்கும்போது போட்டுக் குடு." பதினோரு முறை திருத்தம். பதினோராவதில் முதலாவதே நல்லா இருக்கு என்றார். ஒரு பைசா வரவில்லை, கேக்கூட வரவில்லை.

'போட்டுக் கொடுக்கும்' வேலை என்னவென்று கொஞ்சம் பார்க்கலாம். யூனிகோடில் 'கொ' என்பது முதலில் 'க', பிறகுதான் உயிர்க்குறி. திரையில் கொம்பு முன்னால் வந்து நிற்க வேண்டும். டிசைன் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு பின்னால் போய்த் தனியாக அநாதைபோல் நிற்கும். கல்யாண பேனரில் பார்த்திருப்பீர்கள். இதற்குப் பயந்தே பலர் இன்னும் பழைய குறிமுறை எழுத்துருக்களில் வேலை செய்கிறார்கள். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் குப்பை வரும். எழுத்து சரியாக வந்தபின்தான் அழகு. 'கு', 'ழு', 'ளூ' எல்லாம் வரிக்குக் கீழே இறங்கும். 'கி', 'கீ' மேலே ஏறும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் தமிழை வைத்தால் மேல்வரியும் கீழ்வரியும் முட்டிக்கொள்ளும். கூர்மையான கண் இல்லாமல் இது நடக்காது. அந்தக் கண்ணுக்கு வருடங்கள் ஆகும்.

அரசும் இதில் பங்காளிதான். ரூபாய்க் குறியீட்டுக்கு வைத்த போட்டியில் 2010-இல் உதயகுமார் வென்றார், பரிசு 2.5 லட்சம். தமிழர் என்று நாமும் பெருமைப்பட்டோம். படவேண்டியதுதான். ஆனால் 3,000-க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்த போட்டி அது. கடைசிச் சுற்றுக்குப் போன நான்கைந்து பேரைத் தள்ளினால் மற்ற அத்தனை பேரும் இலவசமாக உழைத்தவர்கள். தூய்மை இந்தியா சின்னமும் போட்டிதான், பரிசு 50,000 ரூபாய். பாலம் கட்ட நாலு பேர் கட்டிக் காட்டுங்கள், பிடித்த பாலத்துக்கு மட்டும் காசு தருகிறோம் என்று பொதுப்பணித்துறை டெண்டர் விடுமா?

எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு ஒன்று. வேலையை விட்டு வருகிற ஐடிக்காரரிடம் சேமிப்பு இருக்கிறது, பெரும்பாலும் சம்பளம் வாங்கும் துணையும் இருக்கிறார். இரண்டு வருடம் நஷ்டத்தில் ஓட்டலாம். அவர் 'போர்ட்ஃபோலியோவுக்காக' 1,500-க்கு அட்டை செய்து கொடுக்கிறார். அதே தெருவில் திருவல்லிக்கேணி டிடிபி கடையில் இருபது வருடமாகப் பேஜ்மேக்கரில் உட்கார்ந்திருந்தவர், சிவகாசியில் காலண்டர் டிசைன் செய்து பிள்ளைகளைப் படிக்க வைப்பவர், இவர்களுக்கெல்லாம் அந்த 1,500 விலையாகிவிடுகிறது. கனவைத் துரத்துபவரின் சேமிப்பு தீர்ந்ததும் அவர் திரும்ப ஓஎம்ஆருக்குப் போய்விடுவார். விலை திரும்பி ஏறாது.

ஆகவே தொழில் மாறுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அதைக் கடை என்று சொல்லுங்கள். உத்யம் பதிவு செய்யுங்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறு தொழிலுக்கு 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. வரைந்த படத்தின் பதிப்புரிமை யாருக்கு என்பதையும் முன்பே எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். சோர்ஸ் ஃபைலுக்குத் தனி விலை போடுங்கள். பாதிப் பணம் முதலில், திருத்தம் இரண்டு முறை.

நண்பன் போன வருடம் இப்படித்தான் மாறினான். ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்கு அழைப்பிதழும் போஸ்டரும் கேட்டவர்களுக்குக் கொட்டேஷன் அனுப்பினான். ஏற்பாட்டாளர் எனக்கு ஃபோன் செய்து வருத்தப்பட்டார். "உங்க ஃப்ரெண்டு ரொம்ப கமர்ஷியலா ஆயிட்டாருங்க." ஹாலுக்கு எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன். ஹால் 6,000, மைக் செட் 2,500, டீயும் சமோசாவும் 1,800 என்றார். எப்போ கொடுத்தீங்க என்றேன்.

"அதெல்லாம் அட்வான்ஸ் குடுத்தாத்தாங்க புக்கே பண்ணுவாங்க."