அடிக்கிற கை... பிள்ளையை அணைக்குமா?

‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று சொல்லிச் சொல்லியே நம் வீடுகளில் எத்தனையோ அடிகளை மூடி மறைத்துவிட்டோம். கல்லாவி, ஊத்தங்கரைப் பக்கமிருந்து பிழைப்புக்காக ஓசூருக்கும் பெங்களூருக்கும் குடிபோகிற குடும்பங்கள் நிறைய. சொந்தபந்தம் இல்லாத ஊரில், வாடகை வீட்டுக்குள் அடி விழுந்தால் ஏனென்று கேட்க ஆள் கிடையாது. பொறுக்க முடியாத ஒருநாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு பஸ் ஏறுகிறாள் அந்தப் பெண். அடுத்து வருகிற கேள்வி... பிள்ளை யாருக்கு?

உடனே ஒரு பெரியவர் சொல்வார்: ‘‘பொண்டாட்டிகிட்டதான் அவனுக்குக் கோபம். புள்ள மேல உசுரையே வெச்சிருக்கான்மா!’’

இந்த நியாயத்தை ஏற்கவே முடியாது. அம்மா அடிபடுவதைப் பார்க்கிற பிள்ளைக்கும் அந்த அடி விழத்தான் செய்கிறது. படுக்கையை நனைப்பது, தூக்கத்தில் அலறுவது, காரணம் தெரியாத வயிற்றுவலி, திடீரென்று படிப்பில் பின்தங்குவது... பல சமயம் பயம்தான் இப்படி உடம்பு வழியாகப் பேசுகிறது. டானிக் கொடுத்தால் தீருகிற நோயா இது?

சட்டம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி, மாஜிஸ்திரேட் பிள்ளையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கலாம். அப்பா வந்து பார்ப்பதே பிள்ளைக்குக் கெடுதல் என்று அவர் கருதினால், அதற்கும் அனுமதி மறுக்க வேண்டும்.

2008-ல் நீல் ரத்தன் குண்டு வழக்கில் சுப்ரீம் கோர்ட் இன்னும் தெளிவாகவே சொன்னது. மனைவியின் மரணம் தொடர்பாகக் கிரிமினல் வழக்கைச் சந்தித்துக் கொண்டிருந்தார் அந்தத் தந்தை. கீழ்க்கோர்ட்டும் ஹைகோர்ட்டும் பையனை அவரிடமே ஒப்படைக்கச் சொல்லியிருந்தன. சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளோ பையனையே அழைத்துப் பேசினார்கள். அப்பாவிடம் போக மாட்டேன் என்றான் அவன். அந்த வழக்கையும் அப்பாவின் நடத்தையையும் பார்க்காமல் முடிவெடுத்தது தவறு என்று சொல்லி, பையனைத் தாய்வழித் தாத்தா பாட்டியிடமே இருக்கவிட்டார்கள்.

ஆனால், ஒரு சிக்கல் இருக்கிறது. மாஜிஸ்திரேட் தருவது தற்காலிக உத்தரவுதான். நிரந்தரமாக யாரிடம் என்பதைக் குடும்ப நல கோர்ட்டோ, மாவட்ட கோர்ட்டோதான் முடிவு செய்யும். ஒரு கோர்ட்டில் நிரூபணமான அடி, தானாக நடந்து அடுத்த கோர்ட்டுக்குப் போகாது. உத்தரவின் நகலைத் தாக்கல் செய்தாக வேண்டும். ‘குடும்ப வன்முறை வழக்கு ஏதாவது உண்டா?’ என்று எந்த நீதிபதியும் முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது என்பேன்.

‘‘பொய்ப் புகார் கொடுத்தா என்ன பண்றது?’’ என்கிறீர்களா? நியாயமான கேள்விதான். அதனால்தான், வெறும் புகாரைவிட விசாரித்துக் கண்டறிந்த முடிவுக்கு அதிக மதிப்புத் தர வேண்டும் என்கிறேன். திருந்திய அப்பா, இன்னொருவர் மேற்பார்வையில் பிள்ளையைப் பார்க்கட்டும். நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பாதிக்கட்டும். அந்தப் பொறுப்பு அவருடையது. பிள்ளையைப் பரிசோதனைக்கு வைக்கக் கூடாது.

சகோதரிகளே, ஆஸ்பத்திரியில் ‘வழுக்கி விழுந்துட்டேன்’ என்று சொல்லாதீர்கள். டாக்டர் எழுதுகிற அந்த ஒரு வரி, நாளைக்கு உங்கள் பிள்ளை யாரிடம் வளரும் என்பதையே மாற்றலாம். அடி விழுந்தது பெங்களூரில் என்றாலும், இப்போது நீங்கள் தங்கியிருக்கிற ஊரின் கோர்ட்டிலேயே மனு போடலாம். ஜீவனாம்சமும் கேட்கலாம். கிருஷ்ணகிரியில் மாவட்ட சமூக நல அலுவலகத்தை அணுகுங்கள். அவசரத்துக்கு 181 என்ற எண் இருக்கிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், இலவச சட்ட உதவி உண்டு.

அணைக்கிற கை வேண்டும்தான் பிள்ளைக்கு. அது, அடிக்காத கையாக இருக்கட்டும்!