இருதய வார்டின் கடைசிப் படி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் ‘பேஷண்ட் கேர் டெக்னீஷியன்’ என்றொரு உத்தியோகம் உண்டு. அவர் டாக்டருமல்ல, நர்ஸுமல்ல. நர்ஸின் மேற்பார்வையில் நோயாளியின் படுக்கையருகே நின்று உழைப்பவர். இவ்வுத்தியோகத்தில் புதிதாகச் சேரும் ஒருவர் இருதய வார்டுக்கு அனுப்பப்படும்போது எத்தகைய பொறுப்பு அவர் தலைமேல் விழுகிறது, அதற்கு ஈடாகச் சமூகம் அவருக்கு என்ன அளிக்கிறது என்பதை ஆராய்வது நம் வாசகர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறோம். ஆலைத் தொழிலாளியையும் ரயில்வேத் தொழிலாளியையும் பற்றி நாம் நிரம்பப் பேசியிருக்கிறோம். ஆஸ்பத்திரித் தொழிலாளியைப் பற்றிப் பேசினோர் சிலரே.

இவருடைய வேலை என்ன? பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேர முறை. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், சுவாசம், உஷ்ணம் ஆகியவற்றைக் குறித்த நேரத்தில் அளந்து எழுத வேண்டும். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்து, குளிப்பாட்டி, நடத்தி அழைத்துச் செல்ல வேண்டும். இருதயம் பலவீனப்பட்டவரைத் தினந்தோறும் காலையில் எடை பார்க்க வேண்டும். ஒரே இரவில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால், ஏறியது பெரும்பாலும் சதையல்ல, உடலில் தேங்கிய நீர். டாக்டர் மருந்தின் அளவை மாற்றுவது அந்த எண்ணைப் பார்த்துத்தான். மார்பிலே ஆறு, கைகால்களிலே நான்கு என்று பத்துப் பட்டைகளை ஒட்டி இ.சி.ஜி. எடுப்பதும் அநேக இடங்களில் அவருடைய வேலையே. மார்பில் ஒட்டும் பட்டை ஒரு விலா எலும்பு மேலேறிவிட்டால், இல்லாத வியாதி தோன்றும். இருக்கும் வியாதி மறையும். நோயாளியின் இருதயம் நின்றுவிட்டாலோ, நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மார்பை அழுத்தும் கைகளில் அவருடைய கைகளும் சேரும். இதைச் சில்லறை வேலையென்று யார் சொல்வார்?

இருதய வார்டு பிறந்த வரலாறே ஓர் உண்மையைப் போதிக்கிறது. 1960-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் கூவன்ஹோவனும் அவருடைய சகாக்களும், மார்பைத் திறக்காமலே வெளியிலிருந்து அழுத்தி ரத்த ஓட்டத்தை நடத்தலாம் என்று வெளியிட்டார்கள். 1961-ல் பிரிட்டிஷ் வைத்தியரான டெஸ்மண்ட் ஜூலியன், மாரடைப்பு நோயாளிகளை ஒரே இடத்தில் சேர்த்து இடைவிடாமல் கவனிக்க வேண்டுமென்று எழுதினார். 1962-ல் கான்ஸாஸ் சிட்டியில் டாக்டர் ஹியூஸ் டே அத்தகைய பிரிவைத் திறந்தார். பிலடெல்பியாவில் டாக்டர் லாரன்ஸ் மெல்ட்ஸர் இன்னும் ஒரு படி சென்று, டாக்டர் வரும்வரை காத்திராமல் நர்ஸே மின் அதிர்ச்சி கொடுக்கலாம் என்று ஏற்பாடு செய்தார். அதன் காரணம் எளிது. இருதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கியபின், உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பை நூற்றுக்கு ஏழு முதல் பத்து வீதம் குறைக்கிறது. டாக்டர் எவ்வளவு மேதாவியாயினும் மாடிப்படி ஏறி வருவதற்குள் காலம் கடந்துவிடும். ஆகவே, பட்டம் பெற்றவருக்கே உரியதென்று கருதப்பட்ட அதிகாரம், அருகிலிருப்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பயிற்சியும் அதிகாரமும் கீழே இறங்க இறங்க, உயிர்கள் மிஞ்சின.

இன்று நர்ஸையும்விட அருகில் இருப்பவர் இந்தப் புது ஊழியர். கருவிகள் பெருகிவிட்டனவே, அவை பார்த்துக்கொள்ளாவா என்று கேட்கலாம். கருவி கூவும், ஓடிவர வேண்டியவன் மனிதன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரமளிக்கும் ஜாயிண்ட் கமிஷன் 2013-ல் விடுத்த எச்சரிக்கையில், 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அபாய மணிகள் சம்பந்தமாகத் தனக்குத் தெரிவிக்கப்பட்ட விபரீதங்கள் 98 என்றும், அவற்றில் 80 மரணத்தில் முடிந்தன என்றும் கூறியது. ஓயாது ஒலிக்கும் மணிகளில் மிகப் பெரும்பாலானவை அவசரச் சிகிச்சை தேவைப்படாதவை. கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போகிறது. ஒரு பட்டை தளர்ந்ததால் ஒலிக்கிறதா, உயிர் தளர்ந்ததால் ஒலிக்கிறதா என்று அறிய, ஒருவர் அறைக்குள் சென்று நோயாளியின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். வியர்த்துப்போன தோலை உலர்த்திப் பட்டையை ஒழுங்காக ஒட்டும் ஊழியர், வீண் மணிகளையும் குறைக்கிறார்.

இத்தகையவருக்குச் சட்டம் என்ன செய்திருக்கிறது? 1987-ல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம், முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்யும் நர்ஸ் உதவியாளருக்குக் குறைந்தபட்சம் 75 மணி நேரப் பயிற்சியை விதித்தது. ஆஸ்பத்திரி டெக்னீஷியனை அச்சட்டம் கட்டுப்படுத்தவில்லை. அவருடைய பயிற்சி மாகாணத்தின், ஆஸ்பத்திரியின் விருப்பத்தைப் பொறுத்தது. கலிபோர்னியா மாகாணம் 1999-ல் சட்டமியற்றி, ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிகளுக்குமேல் கூடாது என்று வரையறுத்தது. இருதயத் துடிப்பைக் கருவியால் கண்காணிக்கும் வார்டில் அது 2008 முதல் நான்கு. போற்றத்தக்க சட்டமே. ஆயினும் டெக்னீஷியனுக்கு அத்தகைய வரம்பு அதில் இல்லை. சம்பளமோ, 2023-ஆம் வருஷத்திய சர்க்கார் கணக்குப்படி நர்ஸின் இடைநிலை வருமானம் சுமார் 86,000 டாலர். நர்ஸ் உதவியாளருடையது சுமார் 38,000. கல்வியில் உள்ள வித்தியாசத்துக்கேற்ப ஊதியத்தில் வித்தியாசம் இருப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. பொறுப்பைச் சுமத்தும்போது ‘நீயும் உயிர்காப்பவன்’ என்பதும், கூலி கேட்கும்போது ‘நீ எடுபிடி ஆள்’ என்பதுமே நமது ஆட்சேபம்.

இவர்கள் பெற்றவை எதுவும் தானமாகக் கிடைக்கவில்லை. 1969-ல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், நானூற்றுக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரி ஊழியர்கள், அநேகமாக அனைவரும் கறுப்பினப் பெண்கள், வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுடைய கூலி மணிக்கு 1.30 டாலர். சங்கம் அமைக்க முயன்ற பன்னிருவர் வேலைநீக்கம் செய்யப்பட்டதே போராட்டத்துக்குப் பொறி. தேசியக் காவற்படை வந்தது, சிறைகள் நிரம்பின, மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவியார் கொரெட்டா ஊர்வலத்தில் நடந்தார். நூறு நாட்களுக்கு மேல் நீடித்த போரின் முடிவில் சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைக்கவில்லை. ஆனால் பன்னிருவரும் மீண்டும் வேலைக்கு வந்தனர், கூலி உயர்ந்தது, குறைகளை முறையிட ஒரு வழி பிறந்தது. 1947-ல் தொழிலாளர் சட்டத்தினின்று விலக்கப்பட்ட தர்ம ஆஸ்பத்திரிகள் 1974-ல் மீண்டும் அதற்குள் கொண்டுவரப்பட்டன. வேலைநிறுத்தத்துக்குப் பத்து நாள் முன்னறிவிப்பு வேண்டுமென்ற நியாயமான நிபந்தனையும் விதிக்கப்பட்டது. 2023 அக்டோபரில் கைசர் பெர்மனெண்ட்டி ஸ்தாபனத்தில் 75,000 ஊழியர்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்து, நான்கு வருஷங்களில் நூற்றுக்கு 21 வீத உயர்வு பெற்றார்கள். அவர்களுடைய முறையீடுகளில் முக்கியமானது கூலி மட்டுமன்று. வார்டில் போதிய ஆள் இல்லை என்பதுமாகும்.

ஆஸ்பத்திரி நிர்வாகிகள் செலவைக் காட்டுவார்கள். செலவு மெய்தான். ஆனால் அனுபவமற்ற ஊழியர் சில மாதங்களில் களைத்து ஓடிவிட, அவரிடத்தில் மற்றொரு புதியவரை அமர்த்தி முதலிலிருந்து கற்பிப்பது செலவில்லையா? கவனிக்கப்படாத ஒரு மணியின் விலையை எந்தக் கணக்குப் புஸ்தகத்தில் எழுதுவது?

நாம் வேண்டுவது அதிகமன்று. புதிதாகச் சேருபவர், தேர்ந்த ஊழியர் ஒருவரின் துணையோடு போதிய வாரங்கள் பழகிய பின்பே தனியே நிறுத்தப்பட வேண்டும். அவர் பொறுப்பில் விடப்படும் நோயாளிகளின் தொகைக்குச் சட்டத்தில் வரம்பு வேண்டும். நோயாளியின் நிலை மாறியதென்று அவர் சொன்னால், கேட்டு உடனே வந்து பார்க்கும் கடமை மேலுள்ளவர்களுக்கு இருக்க வேண்டும். வாழத்தக்க ஊதியம் வேண்டும். இந்நான்கும் ஊழியருக்கான சலுகைகள் அல்ல, நோயாளிக்கான பாதுகாப்புகள்.

அந்தப் புது ஊழியருக்கும் ஒரு வார்த்தை. ‘இந்த நோயாளி நேற்றுப் போல் இல்லை’ என்று உமக்குத் தோன்றினால், தயங்காமல் நர்ஸிடம் சொல்லும். பட்டம் இல்லையே என்று கூச வேண்டாம். அருகிலிருப்பவரை நம்பியதனால்தான் இருதய வார்டு உண்டாயிற்று. அந்த நம்பிக்கையை முதலில் காட்டியவர்கள் டாக்டர்கள். இனிக் காட்ட வேண்டியவர்கள், சட்டமியற்றுவோரும் சம்பளம் கொடுப்போருமே.