விலைக்கு முன் பெயர்: பட அட்டைகளின் பட்டியல் குறித்துச் சில எண்ணங்கள்

2022 ஆகஸ்ட் மாதம், மிக்கி மேண்டில் என்ற அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட ஓர் அட்டை 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. 1952-இல் டாப்ஸ் என்ற சூயிங்கம் நிறுவனம் சிறுவர்களுக்குச் சில சென்ட்டுகளுக்கு விற்ற அட்டை அது. அத்தொகுதியில் 407 அட்டைகள் உண்டு என்பதும், மேண்டிலுடையது அதில் 311-ஆம் எண் என்பதும் செய்தித் தலைப்புகளில் இடம்பெறத் தக்கவையல்ல. எனினும், அந்த எண்களை யாரோ பொறுமையாக எழுதி வைத்திராவிட்டால், ஏலம் கேட்டவர் தாம் எதை வாங்குகிறோம் என்றே அறிந்திருக்க மாட்டார். விலைக்குப் பின்னால் எப்போதும் ஒரு பட்டியல் நிற்கிறது. அந்தப் பட்டியலை யார் நடத்துவது, எப்படி நடத்துவது, அதில் எதற்கு முதலிடம் தருவது என்பவை சேகரிப்பாளர்களின் தனிப்பட்ட விவகாரம் என்று ஒதுக்கத் தக்கவையல்ல என்பது நம் கருத்து. நூல்களையும் சுவடிகளையும் நேசிப்பவர்களுக்கும் இதில் கற்றுக்கொள்ளச் சில உண்டு.

இந்த அட்டைகளின் பிறப்பு மிக எளிமையானது. மெல்லிய தாளால் ஆன சிகரெட் பொதிகள் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டையைச் செருகினார்கள். வெறும் அட்டையைச் செருகுவதற்குப் பதிலாக அதில் ஒரு படத்தை அச்சிட்டால் விளம்பரமும் ஆகும் என்று கண்டுகொண்டார்கள். 1880-களின் பிற்பகுதியில் ஆலன் அண்டு ஜின்டர் நிறுவனம் பறவைகள், கொடிகள், செவ்விந்தியத் தலைவர்கள், விளையாட்டு வீரர்கள் எனத் தொகுதி தொகுதியாக அட்டைகளை வெளியிட்டது. ஒரு தொகுதிக்கு ஐம்பது படங்கள் என்று வைத்துவிட்டால், ஐம்பதும் சேரும்வரை வாங்குகிறவர் விடமாட்டார். மனித மனத்தின் இந்தக் குறையுணர்வின்மேல்தான் வணிகம் முழுவதும் எழுந்தது.

இதை நிறுவனங்கள் எவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தன என்பதற்கு 1933-ஆம் ஆண்டின் கூடி சூயிங்கம் தொகுதி சான்று. அதில் 240 எண்கள். ஆனால் 106-ஆம் எண்ணுக்கு உரிய அட்டையை நிறுவனம் வெளியிடவே இல்லை. இல்லாத அட்டையைத் தேடிச் சிறுவர்கள் சூயிங்கம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். பின்னர் முறையீடுகள் எழவே, 1934-இல் நேப் லஜோய் என்ற ஆட்டக்காரரின் படத்துடன் 106-ஐ அச்சிட்டு, கேட்டு எழுதியவர்களுக்கு அஞ்சலில் அனுப்பியது. கையில் இருப்பதையும் இல்லாததையும் எண்ணி எழுதி வைத்துக்கொண்ட சிறுவன் ஒருவன்தான் இந்த ஏமாற்றை உணர்ந்திருக்க முடியும். பட்டியல் என்பது வாங்குகிறவனின் கையில் உள்ள காப்பு. அது விற்கிறவனின் கைக்குப் போகக் கூடாது என்று நாம் சொல்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்தக் காப்பை முதன்முதலில் முழுமையாகச் செய்து காட்டியவர் ஜெபர்சன் பர்டிக். 1900-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். சிரக்யூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் பாகங்களைப் பொருத்தும் வேலை பார்த்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. கடுமையான மூட்டுவாதம் அவரை வாட்டியது. 1937-இல் சேகரிப்பாளர்களுக்காக ஒரு சிறு செய்தியிதழைத் தொடங்கினார். 1939-இல் தம் பட்டியலின் முதற்பதிப்பைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். பின்னர் ‘அமெரிக்கன் கார்டு கேட்டலாக்’ என்ற பெயரில் 1946, 1953, 1960 ஆகிய ஆண்டுகளில் அது விரிந்த பதிப்புகளாக வந்தது.

பர்டிக் செய்தது பெயரிடுதல். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு ‘என்’, இருபதாம் நூற்றாண்டினவற்றுக்கு ‘டி’, பழைய மிட்டாய் அட்டைகளுக்கு ‘ஈ’, பிற்காலத்துச் சூயிங்கம் அட்டைகளுக்கு ‘ஆர்’, ரொட்டிக் கடைகள் தந்தவற்றுக்கு வேறொரு தனி எழுத்து என வகைகளைப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் எண் கொடுத்தார். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபேக்கோ நிறுவனம் வெளியிட்ட ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பேஸ்பால் அட்டைகளில் எண்ணும் இல்லை, ஆண்டும் இல்லை, தொகுதியின் பெயரும் இல்லை. அவற்றை இன்று உலகம் ‘டி206’ என்று அழைக்கிறது. அந்தப் பெயர் பர்டிக் இட்டது. அதுவரை அவை சிதறிக் கிடந்த அட்டைத் துண்டுகள். அதன்பின் அவை ஒரு தொகுதி.

இந்த ‘டி206’ நூலார்வலர்களுக்கு ஒரு விருந்து. நாம் ஏடுகளில் பாடபேதம் பார்ப்பதுபோல அட்டைக்காரர்கள் இதில் பேதம் பார்க்கிறார்கள். ஷெரி மகீ என்ற ஆட்டக்காரரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழையுடன் சில அட்டைகள் வெளிவந்துவிட்டன; பிறகு திருத்தினார்கள். பிழையுள்ளதே இன்று அரியது. அட்டையின் பின்புறத்தில் சிகரெட்டின் பெயர் இருக்கும். ஒரே ஆட்டக்காரரின் ஒரே படம் வெவ்வேறு சிகரெட்டின் பெயரோடு வரும். பீட்மாண்ட், ஸ்வீட் கேப்பரல் என்பவை பரவலாகக் கிடைப்பவை. ‘ஹிந்து’ என்ற பெயரில் ஒன்று உண்டு. ‘டால்ஸ்டாய்’ என்ற பெயரிலும் ஒன்று உண்டு! 1890-இல் மதுவையும் புகையிலையையும் கண்டித்துக் கட்டுரை எழுதிய அந்த மகான், 1910-இல் உயிர் நீத்த வேளையில், அட்லாண்டிக்குக்கு அப்பால் அவர் பெயர் தாங்கிய சிகரெட்டுகள் விற்பனையாகிக்கொண்டிருந்தன. விலையை மட்டும் நோக்குகிறவர் இதை அரிய பின்புறம் என்று குறித்துக்கொண்டு கடந்துவிடுவார். அந்தக் காலத்தின் வணிகம் எந்தப் பெயர்களை எங்கிருந்து எடுத்துத் தன் சரக்கில் ஒட்டிக்கொண்டது என்ற வரலாறு, பின்புறங்களையும் விடாமல் பதிந்த பட்டியலில்தான் கிடைக்கும்.

நிற்க. விலை எப்போது முன்னுக்கு வந்தது என்பதைப் பார்ப்போம். பர்டிக்கின் பட்டியலிலும் விலைகள் உண்டு. ‘டி206’ தொகுதியின் ஹோனஸ் வாக்னர் அட்டைக்கு அவர் 50 டாலர் என்று குறித்தார். அன்று அது பெருந்தொகை. வாக்னரின் அட்டை விரைவிலேயே அச்சிலிருந்து நிறுத்தப்பட்டதால் அது அரிதாகிவிட்டது. சிறுவர்கள் தம் படத்துக்காகச் சிகரெட் வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பது ஒரு கதை. உரிய பணம் தரப்படவில்லை என்பது இன்னொரு கதை. ஆயினும் பர்டிக்கிடம் விலை வரிசையின் கடைசியில் நின்றது. 1979-இல் புள்ளியியல் பேராசிரியர் ஜேம்ஸ் பெக்கெட்டின் விலைக் கையேடும், 1984-இல் அவருடைய மாத இதழும் வந்தபின் பட்டியலைத் திறப்பதன் நோக்கமே மாறியது. 1991-இல் பி.எஸ்.ஏ. நிறுவனம் அட்டைகளுக்கு ஒன்று முதல் பத்து வரை தரம் குறித்து, கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டு அளிக்கத் தொடங்கியது. ஒரே அட்டை எட்டாம் தரத்தில் ஒரு விலையும் ஒன்பதாம் தரத்தில் பல மடங்கு விலையும் பெறலாயிற்று. ஓரம் மழுங்காத அட்டைக்குப் பணம் என்றால், ஓரத்தை வெட்டிக் கூராக்குகிறவர்களும் வருவார்கள் அல்லவா?

வந்தார்கள். அந்த நிறுவனம் முதன்முதலாகத் தரம் குறித்த அட்டையே ஒரு வாக்னர். பனி ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி, புரூஸ் மக்னால் என்பவருடன் சேர்ந்து 1991-இல் 4,51,000 டாலருக்கு வாங்கியது அது. எட்டாம் தரம் பெற்றது. 2007-இல் 28 லட்சம் டாலருக்கு விற்றது. 2013-இல், ஏல நிறுவனம் ஒன்றின் தலைவராக இருந்த பில் மாஸ்ட்ரோ மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்த அட்டையின் ஓரங்களைத் தாம் வெட்டியதாகவும் ஒப்புக்கொண்டார். உலகிலேயே மிகச் சிறந்த நிலையில் உள்ளது என்று போற்றப்பட்ட வாக்னர், கத்தரிக்கோலின் படைப்பாக இருந்திருக்கிறது. விலை முதலிடம் பெற்ற இடத்தில் பொருளே சிதைக்கப்படும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு; அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். விலை ஏறியிராவிட்டால் இந்த அட்டைகள் குப்பைக்கே போயிருக்கும் என்பார்கள். உண்மைதான். 1952 தொகுதியின் விற்காத பெட்டிகளை 1960-இல் படகில் ஏற்றிச் சென்று அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸ் நிறுவனத்தின் சை பெர்கரே பின்னாளில் கூறியிருக்கிறார். அன்றே விலை இருந்திருந்தால் அவை கடலுக்குப் போயிருக்க மாட்டா. ஆனால் விலை காப்பது விலையுள்ளதை மட்டுமே. மேண்டிலைக் காக்கும்; அதே தொகுதியில் ஒரு பருவம் மட்டும் ஆடி மறைந்த ஆட்டக்காரரைக் காக்காது. பறவை அட்டையையும், தையல் நூல் நிறுவனத்தின் விளம்பர அட்டையையும் காக்காது. மேலும், 1980-களின் இறுதியில் விலை ஆசையே நிறுவனங்களை அளவின்றி அச்சிடத் தூண்டியது. முதலீடு என்று நம்பிப் பரண்களில் அடுக்கப்பட்ட அந்தக் காலத்து அட்டைகளில் மிகப்பெரும்பாலானவற்றுக்கு இன்றும் வாங்குவாரில்லை.

ஆகவே நாம் விலையை விலக்கச் சொல்லவில்லை; அதற்குரிய இடத்தில் வைக்கச் சொல்கிறோம். இன்று இத்தகைய பட்டியல்கள் அச்சைவிட்டு இணையத் தரவுத்தளங்களாக வாழ்கின்றன. அவற்றை நடத்துவோரும் மேம்படுத்த விரும்புவோரும் நான்கு செய்திகளைக் கருத வேண்டும் என்று விரும்புகிறோம்.

முதலாவது, இட்ட எண்ணை மாற்றலாகாது. கூப்பன் என்ற சிகரெட்டோடு வந்த ஒரு வரிசையைப் பர்டிக் ‘டி213’ என்று தனியே வைத்தார். அதன் முதற்பகுதி ‘டி206’-ஐச் சேர்ந்ததே என்று வாதிடும் அறிஞர்கள் இன்றும் உண்டு. வாதம் தொடரட்டும், அது குறிப்பாக அருகில் நிற்கட்டும். எண்ணையே மாற்றினால் எண்பது ஆண்டுகால எழுத்துகளில் உள்ள மேற்கோள்கள் யாவும் வழிதவறிப் போகும்.

இரண்டாவது, ஒவ்வொரு பதிவும் தன் ஆதாரத்தைச் சொல்ல வேண்டும். கண்டு எழுதியது எது, கேட்டு எழுதியது எது என்பது வாசகனுக்குத் தெரிய வேண்டும். முன்புறம், பின்புறம் இரண்டின் படமும் இருக்க வேண்டும். திருத்தம் செய்தவர் யார், எப்போது என்பது மறையக் கூடாது. கூடியின் 106-ஐப் போல, எண் மட்டும் இருந்து அட்டை இல்லாத இடங்களும் வெற்றிடமாகவே பதியப்பட வேண்டும்.

மூன்றாவது, விற்பனையில் பங்குள்ளவர் கையில் பட்டியலும் தரமும் சேரலாகாது. பி.எஸ்.ஏ.வின் உரிமை நிறுவனம் 2021-இல் கோல்டின் ஏல நிறுவனத்தையும் வாங்கியது. 2024-இல் கோல்டின் ஈபே நிறுவனத்திற்குக் கைமாறியது. அந்த இடைப்பட்ட காலத்தில் தரம் குறித்த கையும் ஏலம் விட்ட கையும் ஒரே முதலாளிக்கு உரியவையாக இருந்தன. தவறு நிகழ்ந்தது என்று நாம் கூறவில்லை. அத்தகைய அமைப்பில் தவறு நிகழவில்லை என்று வெளியே இருப்பவர் சரிபார்க்க வழியில்லை என்பதே நம் கவலை.

நான்காவது, பட்டியல் முழுவதையும் எவரும் படியெடுத்து வைத்துக்கொள்ள இயல வேண்டும். நடத்துகிறவர் சோர்ந்துபோகலாம், நிறுவனம் கைமாறலாம், கணினி பழுதாகலாம். ஒருவரின் உடைமையாக மட்டும் இருக்கும் பட்டியல் அவரோடு போய்விடும். அதற்குத் தகவல் அனுப்பிய ஆயிரம் பேரின் உழைப்பும் உடன் போகும்.

இதைப் பர்டிக் அறிந்திருந்தார். 1947-இல் அவர் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தின் அச்சுப்படப் பிரிவுக் காப்பாளர் ஹயட் மேயரை அணுகி, தம் சேகரம் முழுவதையும் அளிக்க முன்வந்தார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட உருப்படிகள். அவற்றுள் 30,000-க்கும் மேற்பட்டவை பேஸ்பால் அட்டைகள். அவற்றைத் தம் வரிசைப்படி ஆல்பங்களில் ஒட்டும் வேலையையும் தாமே ஏற்றார். முடங்கிய விரல்களோடு ஆண்டுக்கணக்கில் ஒட்டினார். 1963 ஜனவரி 10 அன்று வேலை முடிந்தது. மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார். மார்ச் 13 அன்று காலமானார்.

ஒட்டப்பட்ட அட்டையின் பின்புறத்தைப் புரட்டிப் பார்க்க இயலாது. அது அவர் முறையின் குறை. பசை பட்ட அட்டை சந்தையில் பாழ்பட்டது. அது வணிகரின் கணக்கு. ஆனால் அந்த ஆல்பங்களில் ஒரு வாக்னரும் இருக்கிறது. அதன் முன்னும் பின்னும் பெயர் தெரியாத ஆயிரமாயிரம் பேரும் அதே அகலத்தில், அதே வரிசையில் இருக்கிறார்கள். அருங்காட்சியகம் அவற்றிலிருந்து சிலவற்றை அவ்வப்போது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறது. விற்க முடியாதபடி செய்துவிட்டதாலேயே அந்தச் சேகரம் சிதறாமல் நிற்கிறது. இன்று பட்டியல் நடத்தும் ஒவ்வொருவரும் ஒரு புதிய வரியைச் சேர்க்குமுன், அது வாங்குகிறவருக்காகவா, விற்கிறவருக்காகவா, இருவரும் போனபின் வரப்போகும் வாசகருக்காகவா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. நம் வாக்கு மூன்றாமவருக்கே.